இரவு நேரத்திலும் தீவிர சிகிச்சை வேண்டி மீண்டும் ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
நாய், பூனை வளர்ப்போர் மற்றும் தெருநாய்களைப் பராமரிப்போர்

பெறுநர்:
மண்டல இணை இயக்குநர் அவர்கள்,
கால்நடை பராமரிப்புத் துறை

பொருள்: கால்நடை பன்முக மருத்துவமனையில் நாய், பூனைகளுக்கு 24 மணி நேர அவசர சிகிச்சை கோருதல் – தொடர்பாக

பார்வை: இதே பொருளில் முன்பு அளித்து, பதில் வராத மனுக்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் உள்ள நம் மருத்துவமனையைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். பகலில் மருத்துவர்கள் பார்க்கும் வேலையில் எங்களுக்குக் குறை இல்லை. கேட் பூட்டிய பிறகுதான் துன்பம்.

1. பார்வோ என்ற வைரஸ் நோய் கண்ட 5 கிலோ நாய்க்குட்டி, உடல் எடையில் 8 சதவீத நீரிழப்போடு வந்தால், இழந்ததற்கு 400 மி.லி., அன்றாடத் தேவைக்கு 300 மி.லி. என ரிங்கர் லாக்டேட் (நரம்பில் ஏற்றும் உப்புக் கரைசல்) 24 மணி நேரத்தில் ஏற வேண்டும். வாந்தியிலும் ரத்தக் கழிச்சலிலும் போவது தனிக் கணக்கு. ஒரு மி.லி.யை 60 சொட்டாக இறக்கும் மைக்ரோ ட்ரிப் செட்டில் நிமிடத்துக்கு சுமார் 29 சொட்டு. ஆனால் இங்கே மூடும் நேரத்துக்குள் முடிந்ததை ஏற்றி, கேனுலாவை (நரம்பில் செருகிய குழாயை) கழற்றி அனுப்புகிறார்கள். வேகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும். பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். பொட்டாசியம் கலந்த பாட்டிலை வேகமாகத் திறந்துவிட்டால் இதயமே நின்றுவிடலாம். மீதியைத் தோலுக்கடியில் போட்டாலும், ரத்த அழுத்தம் விழுந்த அதிர்ச்சி நிலையில் அங்கே ரத்த ஓட்டம் சுருங்கியிருப்பதால் உறிஞ்சப்படாமல் பையாகத் தொங்கும். தின்னாத குட்டிக்கு நள்ளிரவில் ரத்தச் சர்க்கரை 60 மி.கி.க்குக் கீழே இறங்கி, இன்னும் குறைந்தால் வலிப்பும் வரலாம். நான்கு மணிக்கொரு தடவை ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) கொடுக்க இரவில் ஆள் இருந்தால் போதும் ஐயா. அதைத்தான் இத்தனை மனுவிலும் கேட்டிருக்கிறோம்!

2. சிறுநீர் அடைத்த ஆண் பூனையும் விடியும்வரை தாங்காது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு குறையும்போது, ஈசிஜி பார்த்தபடி கால்சியம் குளுக்கோனேட்டை மெதுவாகச் செலுத்தி, கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போட்டு அடைப்பை எடுக்க வேண்டும்.

3. ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது. அதிலிருந்து வரும் அளவைக் கட்டுப்படுத்தும் ஃபுளோ மீட்டர் இல்லை.

4. சென்னை வேப்பேரிக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரவிலும் பார்ப்பார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். ரத்தமாகக் கழியும் குட்டியை எந்த நடத்துநர் பேருந்தில் ஏற்றுவார்? ட்ரிப் இல்லாமல் அது சென்னை வரை தாங்குமா? இதைச் சொல்பவர்கள் ஒரு தரம் யோசித்துப் பார்க்கட்டும்.

நாங்கள் புதுக் கட்டடம் கேட்கவில்லை. சுழற்சி முறையில் இரவுக்கு ஒரு மருத்துவர், ஓர் உதவியாளர்; ட்ரிப்பைச் சீரான வேகத்தில் ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்ப் இரண்டு, சர்க்கரை பார்க்க ஒரு குளுக்கோமீட்டர், அந்த ஃபுளோ மீட்டர். மருந்துக் கிடங்கை அடுத்துப் பூட்டிக் கிடக்கும் அறையைப் பார்வோவுக்கென ஒதுக்கலாம். அங்கே ஃபினாயில் போதாது, பார்வோ கிருமி அதற்குச் சாகாது. பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும்.

இரவுப் பணிக்கான ஆணையைத் தாங்கள் வழங்க வேண்டுமென மீண்டும் பணிவுடன் வேண்டுகிறோம். முடியாதென்றால் அதையாவது எழுத்தில் தெரிவியுங்கள் ஐயா.

இப்படிக்கு,
கையொப்பமிட்டுள்ள பொதுமக்கள்