விடைத்தாளில் மட்டும் தொழில்முனைவு

ஆசிரியருக்கு வணக்கம். பட்டதாரிகளின் வேலையின்மை தீர, எல்லாப் பட்டப்படிப்புகளிலும் தொழில்முனைவுப் பாடத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். பாடம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆறு ஆண்டுகள் அதை நடத்தியவன் நான். ‘தொழில்முனைவோருக்கு வேண்டிய பண்புகள் யாவை?’ என்ற கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கிய மாணவி ஒருத்தி, தேர்வு முடிந்த கையோடு வந்து, “சார், கடனுக்குச் சரக்கு கேட்டால் கொடுக்கலாமா? அப்புறம் எப்படி வசூலிப்பது?” என்று கேட்டாள். வீட்டிலேயே துணி தைத்து விற்கத் தொடங்கியிருந்தாள். பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

நைஜீரியா இப்பாடத்தைப் பல்கலைக்கழகங்களில் கட்டாயமாக்கி வெகுகாலம் ஆகிறது. வேலையின்மை அங்கே இன்னும் தீரவில்லை. உகாண்டாவின் வடபகுதியில் 2008 வாக்கில் இளைஞர் குழுக்களுக்கு, பயிற்சிக்கும் கருவிகளுக்குமாகத் தலைக்குச் சுமார் 400 டாலர் மானியம் கொடுத்தார்கள். நான்கு ஆண்டுகளில் அவர்களின் வருமானம், மானியம் பெறாதவர்களுடையதைவிட 38 சதவீதம் கூடியிருந்தது. ஒன்பதாம் ஆண்டில் மற்றவர்களும் எட்டிப்பிடித்தது உண்மைதான். என்றாலும் மூலதனம் கிடைத்தவர்கள் பல ஆண்டுகள் முன்னதாகவே காலூன்றிவிட்டார்கள். ஆகவே எழுத்துத் தேர்வை விட்டுவிட்டு, மாணவர்கள் ஒரு பருவம் முழுவதும் எதையாவது செய்து விற்று, அன்றாடம் எழுதும் கணக்கு நோட்டுக்கே மதிப்பெண் பெறட்டும். அதற்கான சிறு மூலதனத்தைக் கல்வித்துறையே கொடுக்க வேண்டும். நட்டமானாலும் திருப்பிக் கேட்கக் கூடாது.

— ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர்