கொக்கிரகுளத்தில் ஒரு கடன் மேசை வேண்டும்

மதிப்பிற்குரிய திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம்.

திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு வருகிறவர்களின் பைகளை வாசலில் போலீசார் திறந்து பார்க்கிறார்கள். 2017 அக்டோபர் 23 அன்று, கந்துவட்டி நெருக்கடி பற்றிப் பலமுறை மனு கொடுத்தும் பலனில்லாத ஒரு கூலித் தொழிலாளி, மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் இதே வளாகத்தில் தீக்குளித்து இறந்ததன் பின்விளைவு அது. சோதனை தேவைதான், குறை சொல்லவில்லை. அந்தப் பைக்குள் மனுவாக மடித்து வைத்திருக்கும் கடனைப் பிரித்துப் பார்க்கவும் ஒரு மேசை போடுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

மனுக்கள் பெரும்பாலும் ஒரே வாசகத்தில் முடியும்: "கடன் தொல்லையிலிருந்து காப்பாற்ற உரிய நடவடிக்கை எடுக்கவும்." எந்தக் கடன் என்று இருக்காது. அதனால் அது காவல் நிலையத்துக்குப் போகும்; அங்கே "இது சிவில் விவகாரம்" என்பார்கள். ஒரே வீட்டில் நான்கு வகைக் கடன் இருக்கும். நான்குக்கும் வாசல் வேறு. எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதினால் ஒன்றும் நகராது.

மேசையில் முதலில் செய்ய வேண்டியது ஒரு தாளில் கோடு போடுவது. யாரிடம் வாங்கியது, கையில் வந்தது எவ்வளவு, எழுதிக் கொடுத்தது எவ்வளவு, இதுவரை கட்டியது, அடுத்த தவணைத் தேதி, கடன் கொடுத்தவர் பிடித்து வைத்திருப்பது என்ன (பிராமிசரி நோட்டா, வெற்றுச் செக்கா, வீட்டுப் பத்திரமா, ஏடிஎம் கார்டா). இதில் 'கையில் வந்தது' என்ற கட்டம்தான் உயிர். தண்டலில் (தினவசூல் கடனில்) 10,000 என்று எழுதி 8,500 கொடுப்பார்கள்; நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "ஆயிரத்தைந்நூறுதானே பிடிச்சாங்க" என்று வாங்கியவரே சொல்வார். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், அந்த 1,500-ஐ வட்டியாகக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 120 விழுக்காட்டுக்குக் குறையாது. பத்து வட்டிக்கும் அதே கதி: நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் என்றால் ஆண்டுக்கு 120.

கணவரையும் மனைவியையும் தனித்தனியாக உட்கார வைத்து எழுதுங்கள். அவர் எடுத்த தண்டல் இவருக்குத் தெரியாது. இவர் மைனிக்காகக் கையெழுத்துப் போட்ட குழுக் கடன் அவருக்குத் தெரியாது. இரண்டு தாளையும் சேர்த்து வைத்துக் கூட்டினால்தான் உண்மையான தொகை வரும். பாதித் தொகையை வைத்துப் போட்ட திட்டம் இரண்டாம் மாதமே உடையும். உடைந்ததும் அந்த ஓட்டையை அடைக்க இன்னொரு கடன் வரும்.

தாள் தயாரானபின் வாசல்களைப் பிரிக்கலாம்.

தனிநபர் வட்டிக்கு 2003-ஆம் ஆண்டு தமிழ்நாடு அதிக வட்டி வசூல் தடைச் சட்டம் இருக்கிறது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. மூன்றாண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். பலருக்குத் தெரியாத இன்னொரு வழியும் அதில் உண்டு: அசலையும் சட்டம் அனுமதிக்கும் வட்டியையும் நீதிமன்றத்தில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதியச் சொல்லிக் கடன் வாங்கியவரே மனுப்போடலாம். புகாரில் தேதி வேண்டும். என்றைக்கு, எத்தனை மணிக்கு, யார் வந்து, என்ன சொல்லி மிரட்டினார், பக்கத்தில் யார் இருந்தார் என்று எழுதினால்தான் வழக்குப் பதிய வழி பிறக்கும். வட்டியை ரொக்கமாகவே கொடுத்து வந்தவர் இனியாவது ஜிபேயில் அனுப்பட்டும். "என் மச்சான் நம்பருக்குப் போடு" என்று வட்டிக்கு விட்ட அண்ணாச்சி சொன்னால், அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருக்கட்டும். அதுவும் சாட்சிதான்.

வெற்றுச் செக் கொடுத்தவர்கள், அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்று வங்கியில் எழுதிக் கொடுத்து ஸ்டாப் பேமெண்ட் போட்டால் தப்பித்தோம் என்று நினைக்கிறார்கள். அதற்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் (செக் திரும்பிய வழக்கு) வழக்கு வரும். வக்கீல் நோட்டீசை வாங்காமல் திருப்பினாலும் வாங்கியதாகவே நீதிமன்றம் கொள்ளும். நோட்டீஸ் கைக்கு வந்து 15 நாளுக்குள், வாங்கியது இவ்வளவு, கட்டியது இவ்வளவு, செக் வெறும் பிடிமானமாகக் கொடுத்தது என்று பதில் போய்விட வேண்டும். பதிலே போடாமல் இருந்துவிட்டு, பிறகு நீதிமன்றத்தில் புதிதாகச் சொல்லும்போது அதன் எடை குறைந்துபோகிறது.

முக்கூடல், மேலப்பாளையம், வீரவநல்லூர்ப் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு வேறு சிக்கல். அவர்கள் 'குழு' என்று சொல்வது இரண்டு வேறு பொருள். ஒன்று, வங்கியோடு இணைந்த மகளிர் சுய உதவிக் குழு. மற்றது மைக்ரோ பைனான்ஸ் நிறுவனங்கள் சேர்க்கும் கூட்டுப் பொறுப்புக் குழு. முதலாவதற்கு மகளிர் திட்ட அலுவலகம். இரண்டாவதற்கு ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த விதிகள். அந்த விதிகள்படி, ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி புதுக் கடன் கொடுக்கக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கக் கூடாது. கடன் அட்டை தமிழில் இருக்க வேண்டும். தவணை கட்டக் குறித்த இடத்துக்குத் தொடர்ந்து இரண்டு முறையாவது வராதவரின் வீட்டுக்குத்தான் வசூல்காரர் போகலாம். உறவினரையோ அக்கம்பக்கத்தாரையோ தொல்லை செய்வதற்கும் தடை உண்டு. ஒருத்தி டியூ கட்டவில்லை என்று மற்ற ஒன்பது பேரையும் அவள் வீட்டுத் திண்ணையில் இருட்டும்வரை உட்கார வைப்பதற்கு எந்த விதியிலும் இடமில்லை. ஆனால் விதி அவள் கையில் இல்லை. ஒரு பக்கத் தமிழ் அச்சாக அது வேண்டும்.

நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதிலில்லை என்றால், அல்லது பதிலில் நிறைவில்லை என்றால், ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம். உதவி எண் 14448. முதல் புகாரின் நகல் கையில் இல்லாமல் நேராகப் போனால் மனு திரும்பிவிடும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். இன்னொன்று: கடன் எடுக்கும்போதே காப்பீட்டுக்குப் பணம் பிடித்திருப்பார்கள். கடன் வாங்கியவர் இறந்தபின்னும் வீட்டார் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றால், அந்தக் காப்பீட்டுச் சான்றிதழை யாரும் கேட்கவில்லை என்று பொருள்.

வீட்டை அடமானம் வைத்தவருக்கு வங்கியிலிருந்து சர்ஃபாசி சட்டப்படி (வழக்குப் போடாமலே அடமானச் சொத்தை வங்கி எடுக்க வழி தரும் சட்டம்) 60 நாள் நோட்டீஸ் வந்தால், அதை பீரோவில் வைத்துப் பூட்டக் கூடாது. ஆட்சேபணை எழுதிக் கொடுத்தால் வங்கி 15 நாளில் பதில் தர வேண்டும். அதற்குப் பிந்தைய நடவடிக்கையை எதிர்த்து 45 நாளுக்குள் மதுரைக் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் செல்லாது என்பதும் நம் வயற்காட்டுக்காரர்களுக்குத் தெரிய வேண்டும்.

எதை முதலில் கட்டுவது? இப்போது யார் அதிகமாகச் சத்தம் போடுகிறாரோ அவருக்குக் கட்டுகிறார்கள். அது தப்பு. அரிசி, மருந்து, பள்ளிக்கட்டணம், மின்கட்டணம் போக மிச்சத்தில், ஏலத் தேதி நெருங்கும் நகையை முதலில் பாருங்கள். அதற்கடுத்து வட்டி வீதம் அதிகமான கடன். ஒரு லட்சத்துக்குப் பத்து வட்டி மாதம் 10,000. அதே தொகை நகைக்கடனில், ஆண்டுக்கு 12 விழுக்காடு என்றே வைத்தாலும், 1,000. பீரோவில் சங்கிலி இருக்கையில் பத்து வட்டி கட்டிக்கொண்டிருப்பது கௌரவம் அல்ல, நஷ்டம். நகையே இல்லாதவருக்கு இந்த யோசனை உதவாது. அவருக்குத் தவணை நீட்டிப்பும் லோக் அதாலத்தும் (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்)தான் வழி. பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, உதவி எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் கிடைப்பார். ஒன்று எச்சரிக்க வேண்டும்: லோக் அதாலத்தில் கையெழுத்திட்டால் மேல்முறையீடு கிடையாது. கட்ட முடிகிற தொகைக்குத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

மேசைக்கு மூன்று பேர் போதும்: ஓய்வு பெற்ற வங்கி அலுவலர் ஒருவர், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர் ஒருவர், புகாரை அங்கேயே வாங்கிக்கொள்ளும் அதிகாரம் உள்ள சார்பு ஆய்வாளர் ஒருவர். மன உளைச்சலோடு வருகிறவரிடம் 14416 என்ற மனநல உதவி எண்ணைச் சீட்டில் எழுதி நீட்டிவிட்டுப் போகாமல், அங்கேயே போன் போட்டுக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை கொக்கிரகுளம் வந்தால் பீடி சுற்றும் பெண்ணுக்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும். ஆகவே மாதம் ஒரு ஞாயிறு மேசை முக்கூடலுக்குப் போகட்டும்.

பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் மிஷினும் வேண்டும். பிராமிசரி நோட்டு, செக் நகல், கடன் அட்டை, பாஸ்புக் என்று ஒவ்வொருவருக்கும் இருபது பக்கமாவது வரும். அசலை யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
கடன் மனுக்கள் எழுதிக் கொடுக்கும் சிலர்,
திருநெல்வேலி