டிசம்பரில் பிராகுக்குக் குழு அழைத்து வருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பயண அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். செக் நாட்டுத் தலைநகரான பிராகில் இது எனக்கு எட்டாவது குளிர்காலம். அரையாண்டு விடுமுறைக்கு நீங்கள் அழைத்து வரும் குழுக்களை ஒவ்வொரு டிசம்பரும் இந்த ஊர்த் தெருக்களில் பார்க்கிறேன். தமிழ்ச் சத்தம் காதில் விழுந்தால் கால் தானாக நின்றுவிடும். எந்த ஊர் என்று விசாரிப்பதற்குள் 'நேரமாச்சு, வாங்க வாங்க' என்று கூப்பிட்டுவிடுவார்கள். போன டிசம்பரில் அந்தக் கூட்டத்தில் என் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். அதனால்தான் இந்த மடல்.

அவர்களை அழைத்து வந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். குறை சொல்லி ஒருவரைத் தலைகுனிய வைப்பது என் நோக்கமில்லை. அவர்களுடைய பயண நிரல்தான் என் கவலை. அதே மாதிரி நிரலைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே நடப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

டிசம்பர் 21. காலையில் வியன்னாவில் கிளம்பிய பேருந்து மதியம் ஒரு மணிக்கு வந்து சேர்ந்தது. இந்தியச் சாப்பாடு முடிய இரண்டரை ஆகிவிட்டது. கோட்டைக்கு ஏறி, பாதுகாப்புச் சோதனை தாண்டி முற்றத்துக்கு வரும்போது மணி மூன்றே முக்கால். குளிர்காலத்தில் கோட்டைக்குள் இருக்கும் கட்டடங்களை நான்கு மணிக்கு மூடிவிடுவார்கள். கடைசியாக உள்ளே விடுவது அதற்கும் முன்னால். 1344இல் தொடங்கி 1929இல்தான் கட்டி முடித்த புனித விட்டஸ் பேராலயத்தை அம்மா வெளியே நின்று அண்ணாந்து பார்த்தார். "உள்ளே என்னடி இருக்கு?" என்று கேட்டார். செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் முகா வரைந்த கண்ணாடி ஜன்னலைப் பற்றி, அதன் வழியே வெளிச்சம் வரும்போது தெரியும் நிறங்களைப் பற்றி வாயால் சொன்னேன். கத்தரிக்காய்க் கூட்டு எப்படி இருந்தது என்று சொல்கிற மாதிரிதான் அது. சாப்பிட்டவர்களுக்குத்தான் தெரியும்.

நான்கு மணிக்கு இருட்டத் தொடங்கிவிட்டது. மறுநாள் காலை ஏழு மணிக்கு, இன்னும் விடியாத இருட்டிலேயே, பேருந்து ஜெர்மனிக்குக் கிளம்பியது. அந்தச் சமயத்தில் இங்கே சூரியன் உதிக்க எட்டு மணி ஆகும். பதினெட்டு மணி நேரம் பிராகில் இருந்தார்கள். அதில் பகல் வெளிச்சம் மூன்று மணி நேரம். அந்த மூன்றில் பாதி சாப்பாட்டு மேசையில் போயிற்று.

ஜூன் மாதத்துக்குப் போட்ட நிரலை அப்படியே டிசம்பருக்கும் தூக்கி வைத்ததுதான் கோளாறு. ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் இங்கே வெளிச்சம் இருக்கும், மதியம் ஒரு மணிக்கு வந்து இறங்கினால்கூட எல்லாம் பார்க்கலாம். டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம், அவ்வளவுதான்.

பழைய நகரச் சதுக்கத்தில் நீங்கள் தவறாமல் காட்டுகிற வானியல் கடிகாரத்துக்கு இது தெரியும். 1410இல் செய்தது. மணியடித்ததும் ஜன்னல் திறந்து இயேசுவின் பன்னிரண்டு சீடர்களின் பொம்மைகள் வலம் வருவதையும், எலும்புக்கூடு மணியை ஆட்டுவதையும் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்து எடுக்கிறார்கள். அப்புறம் கலைந்து போகிறார்கள். முகப்பின் ஓரத்தில் ஒரு கறுப்பு வளையம் இருக்கிறது, தங்க எழுத்தில் 1 முதல் 24 வரை. அது பழைய செக் நேரம். சூரியன் மறைவதோடு ஒரு நாள் முடியும், அங்கிருந்து அடுத்த நாளின் மணியை எண்ணுவார்கள். பொழுது சாயும் நேரம் மாற மாற அந்த வளையமும் வருஷம் முழுக்க முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கும். சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் தாத்தா பாட்டிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம், சட்டென்று புரிந்துவிடும். அதைச் சொல்லிக் காட்ட இரண்டு நிமிடம் போதும். அப்பா போன்றவர்கள் அதைக் கேட்கத்தான் காத்திருக்கிறார்கள்.

அப்பா வழுக்கி விழப் பார்த்ததும் அங்கேதான். இந்த ஊரின் பழைய உருண்டைக் கல் பாவிய தெருக்களைச் செக்காரர்கள் பூனைத் தலை என்பார்கள். ஈரம் பட்டு மேலே மெல்லிய பனி உறைந்தால் ஒவ்வொரு தலையும் எண்ணெய் தடவியதுபோல் இருக்கும். அப்பா போட்டிருந்தது கல்யாணத்துக்குப் போடுகிற தோல் ஷூ. 'நல்ல ஷூ கொண்டு வாருங்கள்' என்று பட்டியலில் இருந்ததாம், அவரிடம் இருந்த நல்ல ஷூ அதுதான். அடிப்பக்கம் வரிவரியாக வெட்டிய ரப்பர் ஷூ என்று எழுதுங்கள். குளிருக்கு ஒரே ஒரு தடித்த கோட் போதும் என்று விட்டுவிடாதீர்கள். இங்கே கட்டடத்துக்குள் நுழைந்தால் ஹீட்டர், டிராமிலும் வெதுவெதுப்பு. கழற்றிக் கழற்றிப் போடுகிற மாதிரி இரண்டு மூன்று அடுக்கு வேண்டும். அம்மாவுக்குச் சேலைக்கு உள்ளே தெர்மல் போட்டால் போதும் என்று நான்தான் போனில் சொன்னேன். அதை நீங்கள் சொல்லியிருக்கலாம்.

குளிரைச் சொல்லி யாரையும் பயமுறுத்தவும் வேண்டாம். இந்த ஊரில் கிளெமென்டினம் என்ற பழைய கல்லூரி வளாகத்தில் 1775 முதல் விடாமல் தினமும் வெப்பநிலை குறித்து வருகிறார்கள். அங்கே பதிவான மிகக் கடுங்குளிர் மைனஸ் 27.6 டிகிரி, 1785 மார்ச் 1ஆம் தேதி. இப்போதெல்லாம் டிசம்பரில் பெரும்பாலும் பூஜ்யத்தைச் சுற்றித்தான். அந்த அடுக்குகளோடு ஒரு மப்ளர் போதும்.

உண்மையில் வயதானவர்களுக்கு இந்த ஊர் குளிர்காலத்தில்தான் வசதி. கோடையில் சார்லஸ் பாலத்தில் விடியலைப் பார்க்க வேண்டுமென்றால் ஐந்து மணிக்கு முன்னால் அங்கே நிற்க வேண்டும். டிசம்பரில் காபி குடித்துவிட்டு ஏழரைக்கு வந்தால் போதும். 1357இல் அடிக்கல் போட்ட பாலம், 500 மீட்டருக்குச் சற்று அதிக நீளம், இரு பக்கமும் 30 சிலைகள். அந்த நேரத்தில் கூட்டமே இருக்காது. முதலில் சிலைகளெல்லாம் கறுப்பாக நிற்கும். அப்புறம் பழைய நகரத்துப் பக்கம் வானம் வெளுக்கும், வெயில் ஆற்றைத் தாண்டிப் போய் மேலே கோட்டையின் மீது விழும். நதியில் அன்னங்கள் மிதக்கும். அங்கிருந்து டிராம் பிடித்துக் கோட்டைக்கு ஏறினால் ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேராலயம் மதியத்துக்கு மேல்தான் திறக்கும். சனிக்கிழமை யூதர் பகுதியின் ஜெபக்கூடங்களும் பழைய கல்லறைத் தோட்டமும் மூடியிருக்கும். பிங்காஸ் ஜெபக்கூடத்தின் சுவர்களில், நாஜிகள் கொன்ற ஏறத்தாழ 78,000 செக் யூதர்களின் பெயர்களைக் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை குழுவைக் கூட்டி வந்து பூட்டிய கதவைக் காட்டாதீர்கள்.

இன்னொன்று. வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் மேல்முனையில், தேசிய அருங்காட்சியகத்தின் முன் நடைபாதையில், ஒரு வெண்கலச் சிலுவை தரைக்கு அடியிலிருந்து புடைத்து எழுவதுபோல் பதிந்திருக்கும். சோவியத் படைகள் நாட்டுக்குள் நுழைந்தபின் மக்கள் அடங்கிப் போவதைப் பொறுக்க முடியாமல், 1969 ஜனவரி 16 அன்று அங்கே தன்னைக் கொளுத்திக்கொண்டான் யான் பாலாக் என்ற மாணவன். வயது 20. மூன்று நாளில் இறந்துபோனான். குழுக்கள் செல்ஃபி எடுத்தபடி அதை மிதித்து நடப்பதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறும். அவர்கள் மீது தப்பில்லை, யாரும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் நம் ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள், அந்தக் குளிரிலும்.

அன்று அம்மாவுக்கு மிகவும் பிடித்தது உங்கள் நிரலிலேயே இல்லாதது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய சில நாள் தெருமுனைகளில் பெரிய தொட்டி வைத்து உயிருள்ள கெண்டை மீன் விற்பார்கள். டிசம்பர் 24 ராத்திரி வீட்டுக்கு வீடு அதுதான் சாப்பாடு. ரப்பர் ஏப்ரன் கட்டிய ஆள் வலையால் ஒன்றைத் தூக்கித் தராசில் போட்டார். அது துள்ளியதில் அம்மாவின் ஸ்வெட்டரெல்லாம் தண்ணீர். செதில் ஒன்றைப் பர்ஸில் வைத்தால் வருஷம் முழுக்கக் காசு தங்கும் என்று இங்கே நம்பிக்கை. நான் சொன்னதும் அம்மா கையை நீட்டினார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே ஒரு செதிலைத் துடைத்துக் கொடுத்தார். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

நான் கேட்பது ஒரு ராத்திரிதான். உங்கள் நிரலில் இருக்கும் எட்டு நாட்டில் ஒன்றைக் குறைத்துவிட்டு, பிராகில் இரண்டு இரவு தங்க வையுங்கள். முதல் நாள் வந்து இளைப்பாறட்டும், மறுநாள் பகல் முழுக்க ஊர் பார்க்கட்டும். நாடு குறைந்தால் விற்காது என்பீர்கள். குளிர்காலத்தில் எத்தனை மணிக்கு இருட்டும் என்பதையும் விளம்பரத்தில் போட்டுப் பாருங்கள், பணம் கட்டுகிறவர்கள் கணக்குப் போடத் தெரிந்தவர்கள்.

அப்படி ஒரு குழு வருமானால் நானும் வருகிறேன், காசு எதுவும் வேண்டாம். காலை ஏழரைக்குப் பாலத்தின் பழைய நகரக் கோபுரத்தடியில் நிற்பேன்.

இப்படிக்கு,
பிராகிலிருந்து ஒரு மகள்