யாரும் திறக்காமல் வெடித்த சோடா

அம்மிணி,

நீ அனுப்பிய படத்தை நேற்று கடையைச் சாத்திய பிறகுதான் நிதானமாகப் பார்த்தேன். எரிமலைப் பாறையில் இருக்கும் ஆலிவின் என்ற கனிமத்தின் படிகம், நடுவில் ஒரு நிறம், ஓரத்தில் மெல்லிசாக இன்னொரு நிறம். அந்த ஓரம்தான் கீழேயிருந்து புதுசாக உருகிய பாறைக் குழம்பு வந்ததற்கு அடையாளம், ரெண்டு நிறமும் எவ்வளவு தூரம் கலந்து மங்கியிருக்கிறது என்று அளந்தால் அது வந்து எத்தனை நாளில் மலை வெடித்தது என்று கணக்குப் போடலாம் என்றாயே, அதை நினைத்துத் தூக்கமே வரவில்லை.

மலைக்கு அடியில் அண்டா நிறைய நெருப்புக் குழம்பு கொதிக்கிறது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். பார்த்தால், பெரும்பாலும் அது ஆறிக் கற்கண்டு கட்டிய பாகு மாதிரிதானாம், படிகங்களுக்கு இடையில் கொஞ்சம்தான் குழம்பு. அப்படிக் கிடப்பதை எது எழுப்பிவிடுகிறது?

எனக்கு அது சோடாவில் புரிந்தது. கொழிஞ்சாம்பாறையில் நாம் கோலி சோடா போட்ட காலத்தில், கோலியை உள்ளே தள்ளினதும் அழுத்தம் குறைந்து, கரைந்திருந்த கேஸ் எல்லாம் குமிழாகப் பொங்கும். ஆனால் ஒரு சித்திரையில், வெயிலில் இருந்த பெட்டியில் யாரும் தொடாமலே ஒரு பாட்டில் வெடித்து என் முழங்கையில் கண்ணாடி ஏறியது. அந்தத் தழும்பைச் சின்ன வயசில் நீ தடவித் தடவிப் பார்ப்பாய். மூடியைத் திறக்கவே வேண்டாம், சூடு ஏறினாலே போதும். பிலிப்பைன்ஸில் இருக்கும் பினாடுபோ எரிமலையிலும் அப்படித்தானே, 500 வருஷம்போல் தூங்கிய மலைக்கு அடியில் பசால்ட் என்கிற கறுப்புப் பாறையின் சூடான குழம்பு ஏறி, 1991 ஜூன் 15ஆம் தேதி அவ்வளவு பெரிசாக வெடித்தது? என் பாட்டிலுக்குச் சூடு வெளியிலிருந்து வந்தது, மலைக்கு அடியிலிருந்து, கூடவே கேஸையும் கொண்டு வந்திருக்கும். சரியா என்று சொல்.

எதிர்வீட்டு அத்தை கேட்டாள், நம் நாட்டில் புகைகிற எரிமலை அந்தமானில் ஆளில்லாத தீவில் ஒன்றுதானே, இந்தப் படிப்பு யாருக்கு என்று. பினாடுபோவில் முன்கூட்டியே எச்சரித்து ஜனங்களைக் கிளப்பியதால் குறைந்தது 5,000 உயிர் தப்பியதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள் என்றேன். அப்புறம் அவளே உன்னை விசாரித்தாள்.

ஐஸ்லாந்தில் பாறை பொறுக்கப் போகும்போது முகமூடி இல்லாமல் போகாதே, பள்ளத்தில் கேஸ் தங்கும். அடுத்த படத்தில் அளவுகோலும் போட்டு அனுப்பு, அந்தப் படிகம் எவ்வளவு பெரிசு என்று உன் அம்மாவுக்கு உளுந்தை வைத்துக் காட்டவேண்டும்.

அப்பா