பேரனிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள், பெரியம்மா

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

வணக்கம். இதைத் தொலைபேசியில் பேசத் தொடங்கினால் இருவருமே அழுதுவிடுவோம் என்பதால்தான் எழுதுகிறேன்.

அக்கா இறந்து மாதங்கள் பல ஆகியும், "அம்மா வைத்தியத்துக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள்" என்றே உங்கள் பேரனுக்குச் சொல்லி வருகிறீர்கள். ஐந்து வயதுப் பிள்ளை இதை எப்படித் தாங்குவான் என்ற பதைப்பில்தான் அப்படிச் சொல்கிறீர்கள் என்பதை நான் அறிவேன். ஆனால் அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது சரியில்லை. மாலை போட்ட படத்தைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியதையும், திண்ணையில் பேசிக்கொண்டிருப்பவர்கள் தன்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துவதையும் அவன் கவனித்துக்கொண்டேதான் இருக்கிறான். சென்ற முறை வந்திருந்தபோது கிணற்றடிக்கு என் பின்னாலேயே வந்து, உங்கள் காதில் விழாதபடி, "சித்தி, நான் சேட்டை பண்ணினதாலதான அம்மா வர மாட்டேங்குது?" என்று கேட்டான். யாரும் விளக்கம் சொல்லாத இடத்தில், குழந்தை பழியைத் தன்மேலேயே போட்டுக்கொள்கிறது.

அடுத்த வீட்டு அம்மா "உங்கம்மா தூங்கிட்டாடா" என்று ஆறுதலாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து அவன் படுக்கப் பயப்படுவதையும், நடுராத்திரியில் எழுந்து உங்கள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பதையும் நீங்களே சொல்லி வருந்தினீர்கள். ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்துக் குழந்தைகளிடம் மரணத்தைப் பற்றிப் பேசி உளவியலாளர் மரியா நாகி 1948-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சாவை ஒரு பயணமாகவோ உறக்கமாகவோதான் எண்ணுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். போனவர் திரும்பலாம், உறங்குபவர் விழிக்கலாம் என்றே நம்பும் வயதில், நாமும் அதே சொற்களைச் சொன்னால் அவன் எந்நாளும் காத்துக்கொண்டுதானே இருப்பான்?

இங்கிலாந்தின் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, தாயை இழந்த சிறு குழந்தையாலும் துக்கத்தைக் கடந்து வர முடியும் என்று 1980-ல் எழுதினார். நடந்ததைத் தாமதமின்றி உள்ளபடி சொல்வது, கேள்வி கேட்க விடுவது, குடும்பத்தின் துக்கத்திலும் சடங்குகளிலும் அதற்கும் இடம் தருவது, நம்பிக்கைக்குரிய ஒருவர் கூடவே இருப்பது ஆகியவற்றை அதற்குத் தேவையானவையாக அவர் குறிப்பிட்டார். அந்தக் கடைசித் தேவையை நீங்கள் குறைவில்லாமல் நிறைவேற்றி வருகிறீர்கள், பெரியம்மா. மற்றவைதான் பாக்கி.

பெரிய விளக்கம் எதுவும் வேண்டாம். பகல் வேளையில் மடியில் உட்காரவைத்து, "அம்மா செத்துப்போயிட்டா. அம்மா உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு, அதனால அவளால திரும்பி வர முடியாது" என்று சொல்லுங்கள். 'செத்துப்போயிட்டா' என்பது நமக்குக் கொடூரமாகப் படும். ஆனால் அவனுக்கு விளங்கக்கூடியது அதுதான். அம்மாவுக்கு வந்தது புற்றுநோய் என்றும், அவனுக்கும் உங்களுக்கும் வரும் சளி, காய்ச்சல் அது இல்லை என்றும், அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது என்றும், அவன் செய்த எதனாலும் அது வரவில்லை என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு உடனே விளையாட ஓடினாலும் ஓடுவான். அதைக் கண்டு "பிள்ளைக்கு ஏக்கமே இல்லை" என்று யாரும் பேசவிடாதீர்கள். மறுநாளே "அம்மா எப்ப வரும்?" என்று கேட்டால், அதே பதிலை அதே பொறுமையோடு சொல்ல வேண்டியிருக்கும். அழுகை வந்தால் முந்தானைக்குள் மறைக்காமல் அவன் முன்னாலேயே அழுங்கள்.

மஸ்கட்டில் இருக்கும் அத்தானிடம் நான் பேசுகிறேன். நீங்கள் ஒன்றும் அவர் ஒன்றுமாகச் சொல்லிவிடக் கூடாது. படத்தை மறுபடி சுவரில் மாட்டிவிடலாம். வருடத் திதி படையலன்று விளக்கை அவன் கையால் ஏற்றச் சொல்லலாம்.

மகளை இழந்த உங்கள் துக்கத்தையும் யாராவது கேட்க வேண்டும். 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில், கட்டணமில்லாமல் பேசலாம். பிள்ளையைப் பற்றிய சந்தேகங்களையும் கேட்கலாம். தனியாகச் சொல்ல மனம் வரவில்லையென்றால் சனிக்கிழமை காலை நான் வந்துவிடுகிறேன். சொல்லும்போது பக்கத்தில் இருப்பேன், ஆனால் அவன் உங்கள் வாயால் கேட்பதுதான் நல்லது.

அன்புடன்,
உங்கள் தங்கை மகள்