அந்த அண்டி ஆபீஸ் (முந்திரிக்கொட்டை ஆலை) அக்காவுக்கு

மார்த்தாண்டத்தில் இருந்து குலசேகரம் போகிற காலை பஸ்ஸில் போன செவ்வாய்க்கிழமை என் பக்கத்தில் நின்ற அக்கா, யாராவது உங்களிடம் காட்டுவார்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் ஒன்றாம் வகுப்புக்குப் புதுசாக வந்த டீச்சர். 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் பொருள்களைத் தொட்டு எண்ணித்தான் கணக்குப் படிக்கிறார்கள், அதற்காக 100 புளியங்கொட்டை கொண்டுபோனேன். ஒரு பிரேக்கில் கவர் கிழிந்து பஸ் முழுக்க உருண்டது. ஆனி மழை, சேறு, கூட்டம் வேறு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. "காலை எடுங்க, பிள்ளையளுக்க சாமானம்" என்று சத்தம் போட்டுக்கொண்டே சீட்டுக்கு அடியில் குனிந்துவிட்டீர்கள். அண்டித் தோட்டின் கறை ஏறிக் கறுத்த விரல்கள், அதில் ஒவ்வொரு கொட்டையாகத் துடைத்து, எண்ணி, உங்கள் தோர்த்துத் துண்டிலேயே முடிந்து "தொண்ணூத்தேழு இருக்கு மக்களே" என்று தந்துவிட்டு எனக்கு முன்பே இறங்கிவிட்டீர்கள். நன்றிகூட சொல்லவில்லை நான்.

அன்றைக்கு வகுப்பில் பத்துப் பத்தாகக் கூட்டி வைத்தோம். கடைசிக் கூட்டத்தில் ஏழுதான். மிச்சம் எங்கே என்றேன். முன்வரிசைப் பொடியன் ஒருத்தன், "மூணு பேரு இன்னைக்கு லீவு டீச்சர்" என்றான். சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது, அப்புறம் வருகைப்பதிவையும் கொட்டையில்தான் எடுத்தோம்.

தோர்த்தைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன் அக்கா. தினமும் அதே பஸ்ஸில், பின்வாசல் பக்கம்தான் நிற்கிறேன்.