கொடியை மட்டும் பார்த்து 'இந்திய லைன்' என்று முத்திரை குத்தாதீர்கள்

மத்தியத் துறைமுகங்கள், கப்பல் போக்குவரத்து, நீர்வழிகள் அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம். தூத்துக்குடியிலிருந்து போகும் ஏற்றுமதிச் சரக்குக்குக் கப்பலில் இடம் பிடித்துக் கொடுப்பது என் தொழில். 2025-இல் வந்த வணிகக் கப்பல் சட்டம், முழுதாக இந்தியருக்குச் சொந்தமில்லாத கப்பலையும் இந்தியக் கப்பலாகப் பதிவு செய்ய வழி திறந்திருக்கிறது. எவ்வளவு பங்கு இந்தியர் கையில் இருக்க வேண்டும் என்பதை அரசு அறிவிக்கையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். அந்த அறிவிக்கை பங்கு விழுக்காட்டோடு நின்றுவிடக் கூடாது என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

கட்டுப்பாடு யாரிடம் என்று பார்க்காத சிக்கல் பழைய 1958 சட்டத்திலும் உண்டு. இந்தியாவில் பதிவாகி, முதன்மை அலுவலகத்தை இங்கே வைத்திருக்கும் கம்பெனி கப்பல் வாங்கினால் அது இந்தியக் கப்பல். கம்பெனியின் பங்கு மொத்தமும் வெளிநாட்டுத் தாய் நிறுவனத்திடம் இருந்தாலும் சரிதான். கப்பல் துறையில் 100 விழுக்காடு அந்நிய முதலீட்டுக்கு அனுமதி இருக்கிறது. அதை நான் எதிர்க்கவில்லை. கப்பல் இங்கே பதிவாகி நம் கொடி ஏற்றினால் நம் மாலுமிகளுக்கு வேலை வரும், வரட்டும். ஆனால் நம் கொடி ஏற்றிய கப்பல் வேறு, நம் நாட்டு லைன், அதாவது கப்பல் சேவை நடத்தும் நிறுவனம், வேறு.

இந்த வித்தியாசத்தை ஐ.நா. எப்போதோ எழுதி வைத்துவிட்டது. 1974-இல் ஜெனீவாவில் உருவாகி 1983-இல் நடைமுறைக்கு வந்த லைனர் மாநாட்டு (ஒரே தடத்தில் சேவை நடத்தும் லைன்கள் கட்டணத்தைக் கூடிப் பேசி வைக்கும் கூட்டணி) நடத்தை விதிகளில், தேசிய லைன் என்றால் நிர்வாகத் தலைமையகம் அந்த நாட்டில் இருக்க வேண்டும், உண்மையான கட்டுப்பாடும் அங்கேயே இருக்க வேண்டும், அந்த நாட்டின் உரிய அதிகாரியோ சட்டமோ அதை அங்கீகரித்திருக்க வேண்டும். இந்தியாவும் அதில் சேர்ந்த நாடு. அந்த விதிகளோடு பேசப்பட்ட 40:40:20 சரக்குப் பங்கீடு (வணிகம் செய்யும் இரு நாட்டு லைன்களுக்கும் தலா 40, மற்ற நாட்டு லைன்களுக்கு 20 விழுக்காடு) இன்று யாருக்கும் நினைவில்லை. 2008-இல் ஐரோப்பிய ஒன்றியம் லைனர் மாநாடுகளுக்குப் போட்டிச் சட்டத்திலிருந்து கொடுத்த விலக்கையே நிறுத்திவிட்டது. அதற்காக வரையறையையும் தூக்கி எறிய வேண்டியதில்லை.

அதில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. மாநாட்டில் சேர வரும் லைன், நெடுங்காலம் ஒழுங்காகச் சேவை நடத்தும் திறனும் நோக்கமும் தனக்கு இருப்பதைக் காட்ட வேண்டும். வாடகைக் கப்பலையும் அதற்குச் சான்றாகக் காட்டலாம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது உடனே புரியும். 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கத்துக்கு முதலில் சொந்தக் கப்பல் கிடையாது. வாடகைக்கு எடுத்துத்தான் கொழும்புக்கு ஓட்டினார்கள். போட்டியாக இருந்த பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்தின் நெருக்குதலில் அந்த வாடகைக் கப்பலும் கையை விட்டுப் போனது. சொந்தக் கப்பல்களான எஸ்.எஸ். காலியாவும் எஸ்.எஸ். லாவோவும் வந்தது பிறகுதான். கப்பல் பதிவேட்டை மட்டும் புரட்டும் அதிகாரி அந்தச் சங்கத்தை இந்திய லைன் என்று ஏற்றிருக்க மாட்டார். வெளிநாட்டுத் தாய் நிறுவனத்தின் கிளைக் கம்பெனி நம் கொடியோடு வந்தால் மறுபேச்சின்றி ஏற்பார்!

இது வெறும் பெயர்ப் பிரச்சினையும் இல்லை. அரசுச் சரக்கு டெண்டரில் வெளிநாட்டுக் கப்பல் குறைந்த விலை கேட்டால், அதே விலைக்கு வர இந்தியக் கப்பலுக்கு முதல் வாய்ப்பு தரப்படுகிறது. கொடி மாற்றி வருகிறவர்களை ஊக்குவிக்க 2021-இல் ஐந்தாண்டுகளுக்கு 1,624 கோடி ரூபாய் மானியத் திட்டமும் வந்தது. யாருக்குப் பொருந்தும் என்பதில் நம் வரிப்பணமும் இருக்கிறது.

அப்புறம், கட்டுப்பாடு யாரிடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கொரோனா காலத்தில் கன்டெய்னருக்கு அலைந்த ஏற்றுமதியாளர் யாரையும் கேளுங்கள். காலிப் பெட்டிகள் எந்தத் துறைமுகத்துக்குப் போக வேண்டும், எந்தத் துறைமுகத்தைத் தவிர்க்க வேண்டும், கட்டணம் எவ்வளவு, இதையெல்லாம் இங்குள்ள ஏஜென்டோ மேலாளரோ முடிவு செய்யவில்லை. வேறு கண்டத்திலிருந்து மின்னஞ்சல் வரும். எங்களிடம் அப்படியே படித்துக் காட்டுவார்கள்.

ஆகவே சலுகை கேட்டு வரும் நிறுவனத்திடம் பங்குப் பட்டியலோடு இதையும் கேளுங்கள்: பயண அட்டவணையை மாற்றவும் கட்டணம் நிர்ணயிக்கவும் கப்பலை வாடகைக்கு எடுக்கவும் விடவும் இறுதிக் கையெழுத்து யாருடையது, அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்? அங்கீகார ஆணையைக் காரணத்தோடு பொதுவில் வெளியிடுங்கள். நிறுவனம் கைமாறினால் அங்கீகாரம் தானாக மறு பரிசீலனைக்கு வரட்டும். அறிவிக்கையின் வரைவைத் தூத்துக்குடி, சென்னை, கொச்சி ஏற்றுமதியாளர்களிடம் முன்கூட்டியே காட்டுங்கள். கருத்துச் சொல்ல இரண்டு மாதமாவது கொடுங்கள்.

இப்படிக்கு,
தூத்துக்குடியிலிருந்து ஒரு சரக்கு முகவர்